சாட்சி நேரம்

ஆனைக்குட்டம்
12.6.2005

கர்த்தருக்குள் பிரியமான தம்பி முனியராஜுக்கு அக்கா சுப்புத்தாய் எழுதுவது. தோத்திரம். இங்கே நானும் உன் மாமாவும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ‘தோத்திரம்’ என்று பார்த்ததும் அங்கே முகத்தைச் சுளிப்பாய் என்று தெரியும். சுளித்துவிட்டு மேலே படி.

பட்டாசு சீசன் சூடுபிடித்துவிட்டது. உன் மாமா கம்பெனி மினிலாரியில் ஓயாமல் லோடு அடிக்கிறார். நான் பூச்சட்டி அறையில்தான் இருக்கிறேன். சட்டிக்குள் மருந்து அடைத்து அடைத்து உடம்பெல்லாம் வெள்ளியாக மினுங்குகிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் போவதில்லை. என்னோடு பேச்சியம்மாள், அப்புறம் கருப்பம்மாள் மதினியின் மகள் ரோஜா. ரோஜா புதிதாக வந்தவள். அவளுக்கு வாய் மூடவே மூடாது. பேச்சி அவளைத் திட்டிக்கொண்டே வேலை பழக்குகிறாள். நீ இங்கே வேலை பார்த்தபோது உனக்கும் அவள்தானே பழக்கினாள்.

நான் ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. சபையில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து மைக்கில் சொல்ல வேண்டும். நான் ஒரு தடவைகூட எழுந்ததில்லை. நம் போர்மேன் தாசையா அண்ணாச்சிதான் சபைக்கு மூப்பர். என் வயிற்றில் ஒன்றும் தங்காமல் நான் பைத்தியம் பிடித்த மாதிரி கிடந்தபோது, அவரும் அவர் வீட்டுக்காரி தங்கத்தாய் மதினியும்தான் வீடு தேடி வந்து எனக்காக முழங்காலில் நின்றார்கள். போன வாரம் அவர் கேட்டார்: “ஏத்தா, உனக்குக் கர்த்தர் ஒண்ணுமே செய்யலையா? சாட்சி சொல்ல இம்புட்டு யோசிக்க?” எனக்கோ மைக்கைப் பார்த்தாலே கால் நடுங்குகிறது.

பேச்சியிடம் இதைச் சொன்னேன். “எதுல ஆரம்பிக்கன்னு தெரியலைன்னா காலையில எந்திரிச்சதுல இருந்து ஆரம்பி. தானா வரும்” என்றாள். பங்குனிக்குப் பங்குனி அக்கினிச்சட்டி எடுக்கிறவள் எனக்குச் சபைக்கு யோசனை சொல்கிறாள் பார்.

போன் என்றால் அண்ணாச்சி வீட்டுக்குத்தான் வர வேண்டும், அவர்களுக்குத் தொந்தரவு. நீ கடிதமே போடு.

உனக்காக தினமும் ஜெபிக்கும்,
அக்கா சுப்புத்தாய்


நாக்பூர்
28.6.2005

அன்புள்ள அக்காவுக்கு முனியராஜ் எழுதிக்கொண்டது. உன் தோத்திரத்துக்கு என் வணக்கம், சரிக்குச் சரியாகிவிட்டது. நான் சுகம். இந்த ஊர் வெயில்தான் சுகமில்லை. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

குடோனில் மூச்சுவிட நேரமில்லை. எங்கள் சேட் வாங்குகிற பட்டாசில் பாதி நம் கம்பெனிப் பெட்டிகள்தான். “லோடு எங்கே, லோடு எங்கே” என்று காலையில் கடையைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். மழையால் தாமதம் என்றால், “சிவகாசியில் மழையா, யாரிடம் கதை விடுகிறாய்?” என்று சிரிக்கிறார். ஆனால் மனுஷர் நல்லவர். தீபாவளி முடிந்ததும் குடோனை என் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படி நடந்தால் உன்னை ரயிலில் கூட்டிவந்து ஊரைச் சுற்றிக் காட்டுவேன்.

சாட்சி சொல்ல உனக்குப் பயமா? நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கண்மாயில் குளித்ததை வாத்தியாரிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தவள் நீ. அன்றைக்கு வாங்கின அடி எனக்கு இன்னும் உறைக்கிறது. பேச்சி அக்காவையும் விசாரித்ததாகச் சொல். நான் இல்லாமல் அவளுக்குத் திட்ட ஆளில்லையே என்று கவலைப்பட்டேன், ரோஜா வந்துவிட்டாளாக்கும்.

இப்படிக்கு, உன் வேதத்தில் சேராத தம்பி,
முனியராஜ்


மதுரை பெரியாஸ்பத்திரி
30.7.2005

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி முனியராஜுக்கு, உன் அக்கா சொல்லத் தங்கத்தாய் எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் அக்கா பிழைத்தாள், அவருக்கே ஸ்தோத்திரம். நீ அங்கே பதற வேண்டாம்.

இருபதாம் தேதி பூச்சட்டி அறையில் தீ விபத்து நடந்துவிட்டது. பேச்சியம்மாளும் கருப்பம்மாள் மகள் ரோஜாவும் தவறிவிட்டார்கள். அக்காவுக்குக் கையில் காயம். கட்டுப் போட்டிருக்கிறது, ஆறிவருகிறது. உன் மாமா கூடவே இருக்கிறார். நானும் எங்கள் வீட்டுக்காரரும் ஒருநாள் விட்டு ஒருநாள் கஞ்சி கொண்டுவருகிறோம். சபையார் எல்லாரும் உபவாசமிருந்து ஜெபிக்கிறார்கள்.

பேச்சியம்மாள் மருந்துத் தொட்டியைத் தூக்காமல் தரையில் இழுத்ததில் உரசிப் பற்றிக்கொண்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, களைப்பாக இருக்கிறாள்.

வேறு என்ன எழுத என்று கேட்டேன். “பேச்சி செத்துப்போயிட்டான்னு எழுதுங்க” என்கிறாள். மேலே எழுதிவிட்டேன் என்று சொன்னேன். “இன்னொரு தடவை எழுதுங்க” என்கிறாள். பேச்சியம்மாள் இறந்துவிட்டாள்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.
அக்காவுக்காக, தங்கத்தாய்


நாக்பூர்
9.8.2005

அக்கா,

சுகமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கடிதம் வந்த அன்றே சேட்டிடம் லீவு கேட்டேன். சீசனில் போனால் திரும்பி வராதே என்றார். மாமாவுக்கு இரண்டு தடவை போன் போட்டேன், தாசையா அண்ணாச்சி வீட்டில் “நல்லா இருக்காக” என்று வைத்துவிட்டார்கள். காயம் என்றால் எவ்வளவு காயம்? ஏன் உன் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை?

பேச்சி அக்கா தொட்டியை இழுத்தாளாம். இதை யார் நம்புவது? நான் ஒரு தடவை தொட்டியைக் காலால் நகர்த்தப் போனதற்கு முதுகிலேயே ஒன்று வைத்தவள் அவள். “இது மருந்துலே, மாவு இல்ல” என்று கத்தினாள். உண்மையைச் சொல். முந்தின நாள் மருந்தா? ஈரம்பட்ட மருந்து ராத்தங்கினால் தானே சூடேறி வெடிக்கும் என்று அங்கே வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். மிச்சத்தை அன்றன்றைக்கே அழித்துவிட வேண்டும். லோடு அவசரத்தில் தாசையா அண்ணாச்சி முன்பும் அழிக்காமல் வைத்தவர்தான். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சீக்கிரம் பதில் எழுது.
முனியராஜ்


ஆனைக்குட்டம்
4.9.2005

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு அக்கா தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். நீ சுகமாக இரு. இது என் கையெழுத்துதான், இடது கை. எழுத்தெல்லாம் சரிந்து விழுகிறது, பொறுத்துக்கொள். வலது கையில் கட்டைவிரலும் அதற்கு அடுத்ததும் இருக்கின்றன. மற்றவை இல்லை. வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது.

உன் கடிதம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தங்கத்தாய் மதினிதான் பிரித்து வாசித்தார்கள். தாசையா அண்ணாச்சி பெயர் வந்த இடத்தில் நின்றார்கள். பிறகு ஒரு எழுத்து விடாமல் கடைசி வரை வாசித்து, மடித்து, என் தலையணைக்கு அடியில் வைத்தார்கள். அப்புறம் கஞ்சியை ஆற்றி ஊட்டினார்கள். உன்மேல் தப்பில்லை. என் கடிதத்தை யார் வாசிப்பார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்?

நீ கேட்டது உண்மைதான். பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் மழை வந்து வேலை நின்றது. தொட்டியில் பாதி மருந்து மிச்சம். அழிக்காமல் சாக்கைப் போட்டு மூடிவிட்டோம். காலையில் பேச்சி தொட்டியைத் தூக்கவே மாட்டேன் என்றாள். “நேத்து மருந்து அண்ணாச்சி, ராத்தங்கினது. வேண்டாம்” என்றாள். அண்ணாச்சி, “லோடு நாளைக்குப் போகணும்த்தா, முதலாளி என்னைக் கொல்லுதாரு. பார்த்து அடைங்க” என்றார். அடைத்தோம். பேச்சி எதையும் இழுக்கவில்லை.

நான் எப்படி வெளியே வந்தேன் என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தம்பி, பேச்சியின் வீட்டுக்குத் துட்டி கேட்க ஒருவரும் போகவில்லை. நம் ஊரில் எந்தச் சாவுக்கு அப்படி நடந்திருக்கிறது? விரோதி வீடாக இருந்தாலும் பெண்கள் போய் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தானே வருவார்கள். ரோஜாவைக் கொன்றவள் பேச்சிதான் என்று கருப்பம்மாள் மதினி அவள் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாளாம். பேச்சியின் வீட்டுக்காரர் ஒச்சப்பன் அண்ணன் பகலில் வெளியே தலைகாட்டுவதில்லை. நான் மட்டும் போனேன். ஒற்றை ஆளாக உட்கார்ந்து எப்படித் துட்டி அழுவது? சும்மா இருந்துவிட்டு வந்தேன்.

அண்ணாச்சி இன்றைக்கும் வந்து எனக்காக ஜெபம் செய்துவிட்டுப் போகிறார். அவர் ஜெபிக்கும்போது நான் கண்ணை மூடுவதில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கை கடுக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


நாக்பூர்
14.9.2005

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியிருந்த கையைப் பற்றிப் படித்துவிட்டு எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்து மிச்சத்தைப் படித்தேன். நான் சுகமாகத்தான் இருக்கிறேன், அதுவே கோபமாக வருகிறது.

எதற்கு யோசிக்கிறாய்? நேரே போய்ச் சொல். போலீசிலே சொல், கலெக்டரிடம் சொல். அந்த ஆள் கஞ்சி கொண்டுவந்தால் எல்லாம் தீர்ந்துபோகுமா? பேச்சி அக்காவைக் கொலைகாரி ஆக்கிவிட்டு, வந்து முழங்கால் போடுகிறாரா? உன் கர்த்தர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? நீ பயப்படாதே. உன் பின்னால் நான் இருக்கிறேன். என்ன வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

மாமாவுக்கு என் வணக்கம். கையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.
முனியராஜ்


ஆனைக்குட்டம்
29.9.2005

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு, நீ சுகமென்று நம்புகிறேன். என்னைச் சுகமா என்று கேட்காதே, நான் செய்துவைத்திருக்கிற காரியத்தைக் கேள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக இந்த ஞாயிறு சபைக்குப் போனேன். சாட்சி நேரத்தில் பாஸ்டர், “நம்ம சகோதரியை அக்கினிக்குள்ள இருந்து தேவன் தூக்கி எடுத்தாரு. வாங்கம்மா, சாட்சி சொல்லுங்க” என்று மைக்கை என் இடது கையில் கொடுத்துவிட்டார். சத்தியமாக யார் பெயரையும் இழுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ‘கர்த்தர் காப்பாற்றினார், அல்லேலூயா’ என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். வாயைத் திறந்தால் எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேச்சி சொன்னபடி காலையில் எழுந்ததிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆரம்பித்தால் எந்த இடத்தில் நிறுத்துவது? எழுந்தேன், வேனில் ஏறினேன், அறைக்குப் போனோம், சாக்கை எடுத்தால் நேற்றைய மருந்து. பேச்சி வேண்டாம் என்றதும், அண்ணாச்சி அடைக்கச் சொன்னதும் அதன் வரிசையில் வந்துவிட்டன. பேச்சி கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குள் கை விட்டவள், “ஏ சுப்பு, இது கொதிக்குதுட்டீ!” என்று கத்தினாள். அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். தம்பி, அவள் என்னைத் தாண்டி ஓடியிருக்கலாம். இரண்டு கையாலும் என்னை வெளியே தள்ளிவிட்டு, ரோஜாவை இழுக்கத் திரும்பினாள். நான் விழுந்த இடத்திலிருந்து அவளைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அந்தக் கைதான் இது.

இதை விட்டுவிட்டு நான் எதைச் சாட்சி சொல்ல? என்னைக் காப்பாற்றிய கை பேச்சியின் கை. அந்தக் கையை எனக்கு அனுப்பியவர் கர்த்தர். அப்படித்தான் சொன்னேன். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. அண்ணாச்சி முன்வரிசையில் தலை குனிந்திருந்தார். பாஸ்டர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார், ஜால்ரா தட்டுகிறவர் தாளத்தை விட்டுவிட்டார்.

வெளியே வேப்ப மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருப்பதை நான் மறந்தே போனேன். நான் பேசினது பூராவும் தெருவுக்கே கேட்டிருக்கிறது. வெளியே வந்தால் ஒச்சப்பன் அண்ணன் சட்டைகூடப் போடாமல் வாசலில் நிற்கிறார். “அவ தள்ளிவிட்டதை இன்னொரு தடவை சொல்லும்மா” என்றார். சொன்னேன்.

அவர் மறுநாளே போய் மனுக் கொடுத்துவிட்டார். அக்டோபர் பதினான்காம் தேதி சூலக்கரை கலெக்டர் ஆபீசில் விசாரணை. என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயும் அதே வார்த்தைதான் பார்.

அண்ணாச்சி வந்தார். உட்காரவில்லை. “சபையில சொன்னது சபையோட போகட்டும்த்தா. ஆபீசுல கேட்டா, மயங்கிட்டேன், ஞாபகம் இல்லைன்னு மட்டும் சொல்லு. பொய்கூட இல்ல அது. நான் வேணும்னா செஞ்சேன்? கம்பெனிக்குச் சீல் வச்சா இந்த ஊரு எங்கன போகும்?” என்று சொல்லி அழுதார். முன்பு எனக்காக அழுத மனுஷர். அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்!

நீ பின்னால் இருக்கிறாய் என்று எழுதியிருந்தது தெம்பாக இருந்தது. உடனே பதில் போடு.
அக்கா


நாக்பூர்
5.10.2005

அன்புள்ள அக்காவுக்கு முனியராஜ் எழுதுவது. நலம். நலமாயிருக்கவும்.

விசாரணைக்கு நீ போக வேண்டாம். போனாலும் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடு. போன கடிதத்தில் கோபத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன், அதை மறந்துவிடு. தீபாவளிக்கு முன்னால் கம்பெனியை மூடினால் எத்தனை வீட்டு அடுப்பு அணையும் என்று யோசித்துப் பார். மாமாவின் வேலையும் போகும். போனவர்கள் திரும்பி வரப்போவதில்லை. பேச்சி அக்காவே இருந்தாலும் இதைத்தான் சொல்லுவாள்.

சேட் இதில் ஒன்றும் சொல்லவில்லை. நானாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மு. முனியராஜ்


ஆனைக்குட்டம்
12.10.2005

பிரியமான தம்பிக்கு,

நீ நன்றாக இரு. கடிதம் கிடைத்தது. சேட் சொன்னாரா என்று நான் கேட்கவே இல்லையே ராசா. நீ எந்த இடத்தில் உட்கார்ந்து அதை எழுதினாய் என்று எனக்குத் தெரிகிறது. உன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் பேச்சி வாயில் நீயாக ஒரு வார்த்தையை வைத்தாயே, அது மட்டும் வேண்டாம். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று உனக்கும் தெரியும்.

இன்றைக்குக் காலையில் நானே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். “வெள்ளிக்கிழமை நான் சொல்லப்போறதை முதல்ல நீங்கதான் கேட்கணும் அண்ணாச்சி. ஒண்ணைக் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன். முதலாளி போன் மேல போன் போட்டதையும் சொல்லுவேன். நீங்களும் என்கூட வந்து சொல்லுங்க” என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உங்க மேல எனக்குக் கோவம் இல்ல” என்றேன். தங்கத்தாய் மதினி உள்ளே இருந்து வந்து, “கோவம் இல்லாமத்தான் எங்க குடியைக் கெடுக்கியா? கோவப்பட்டுக் கெடுத்தாலாவது பரவால்ல” என்றார்கள்.

எனக்குக் கஞ்சி ஊட்டியவர்கள் வாயிலிருந்து வந்தது அது. வீட்டுக்கு வந்து அழுதேன். அழுதாலும் வெள்ளிக்கிழமை போவேன்.

சாப்பாட்டை விட்டுவிடாதே.
அக்கா சுப்புத்தாய்


ஆனைக்குட்டம்
24.10.2005

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு, சுகமாக இருக்கிறாயா? உன்னிடமிருந்து பதில் இல்லை. சீசன் நெருக்கடி என்று நினைத்துக்கொள்கிறேன்.

சூலக்கரைக்கு உன் மாமா கூட்டிப்போனார். அதிகாரி மெதுவாகத்தான் கேட்டார். “போர்மேன் மேல உங்களுக்கு ஏதாவது விரோதமா?” என்றார். “இல்லைங்கய்யா, எனக்காக ஜெபம் பண்றவரு” என்றேன். தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். காலையில் எழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை கால் நடுங்கவில்லை. அடுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் மருந்தா என்று கேட்டதற்கு, “ஞாபகம் இல்லைங்கய்யா” என்றார். எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தை. அதைச் சொல்லும்போது அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பார்க்கப் பாவமாக இருந்தது.

நாலாம் நாள் கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். தெருவில் எனக்கு இப்போது ஆள் இல்லை. குழாயடிக்குப் போனால் குடங்கள் தானாக நகர்கின்றன. “வேதக்காரி நாக்கு ஊரையே எரிச்சிருச்சு” என்று என் காதுபடவே பேசுகிறார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்க முடியாத வீடுகளெல்லாம் என் கண்ணில் படுகின்றன. நான் சொன்னது தப்பில்லை என்று தெரிகிறது, தூக்கம்தான் வரவில்லை.

பாஸ்டர், “கொஞ்ச நாளைக்குச் சாட்சி வேண்டாம் சகோதரி” என்றார். சரி என்றேன். கடைசி வரிசையில் பாய் ஓரமாக உட்கார்ந்து பாடிவிட்டு வருகிறேன். சபையை விட்டு நான் போகமாட்டேன். அண்ணாச்சி இருக்கும் சபைதான் எனக்கும் சபை.

உன் மாமா விருதுநகரில் மல்லி கமிஷன் கடைக்கு மூட்டை இறக்கப் போகிறார். என்மேல் கோபமா என்று கேட்டேன். “சொன்னது சொன்னதுதான். சோத்தைப் போடு” என்றார்.

ஒரு வரியாவது எழுது தம்பி.
அக்கா


ராய்ப்பூர்
12.11.2005

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மாமா சுகமா? கையில் புண் ஆறிவிட்டதா?

முகவரி மாறியிருக்கிறது, மேலே எழுதியிருக்கிறேன், குறித்துக்கொள். குடோன் வேலை எனக்கு ஒத்துவரவில்லை. இங்கே நம் பக்கத்து ஆட்கள் முறுக்குக் கம்பெனி நடத்துகிறார்கள். மாவு பிசைகிறேன். எண்ணெய்ச் சட்டி பக்கம் நின்றால் வேனல்கட்டி வருகிறது, மற்றபடி நல்ல வேலை.

உன் கடிதம் இரண்டும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து சேர்ந்தன. என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு தடவை கிழித்துப்போட்டேன். சேட் சொல்லி நான் எழுதியதை நீ கண்டுபிடித்ததுகூடப் பரவாயில்லை. வருத்தமில்லை என்று எழுதினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நாலு வசவு வைத்திருக்கலாம்.

தெருக்காரர்கள் இன்னும் பேசவில்லையா?

முனியராஜ்


ஆனைக்குட்டம்
27.11.2005

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு, அக்காவின் தோத்திரம். புண் ஆறிவிட்டது. நீ வேனல்கட்டிக்கு நுங்கெல்லாம் தேடி அலையாதே, வேப்பிலையை அரைத்துப் பூசு. வசவு வேண்டுமென்றால் ஊருக்கு வா, நேரில் வைக்கிறேன். முறுக்கு கொண்டுவந்தால் குறைத்துக்கொள்வேன்.

விசாரணை முடிவு பேப்பரில் வந்தது. ராத்தங்கின மருந்துதான் காரணம், பேச்சியம்மாள் மேல் குற்றமில்லை என்று போட்டிருந்தார்கள். டீக்கடையில் அதைச் சத்தமாக வாசித்தார்களாம். அண்ணாச்சியை போலீஸ் கூட்டிப்போயிருக்கிறது. தங்கத்தாய் மதினி வீட்டுக்குத் தினமும் போய்க் கதவைத் தட்டுகிறேன். திறக்கவில்லை. கஞ்சித் தூக்கை வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். சாயங்காலம் தூக்கு கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. அவர்கள் குடிக்கிறார்களா, கொட்டுகிறார்களா என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் தெருவில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. யார் போய்விட்டார்கள் என்று பதறி வெளியே வந்தேன். பெண்கள் கூட்டமாகத் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு ஒச்சப்பன் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள். பேச்சிக்குத் துட்டி, தம்பி! நாலு மாதம் கழித்து. முன்னால் போனது கருப்பம்மாள் மதினி. மண்ணை வாரித் தூற்றிய அதே வாசலில் நின்று, “யாத்தா பேச்சி, உன்னையப் பழிச்சனே” என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

என்னை ஒருத்தியும் கூப்பிடவில்லை. துட்டிக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லைதானே. நானும் போனேன். தோளில் தோள் கோத்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இடம் விடவில்லை. சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். நல்லது நடந்துவிட்டது என்ற சந்தோஷம் ஒரு பக்கம், அந்த வட்டத்தில் எனக்கு இடமில்லையே என்ற ஆற்றாமை ஒரு பக்கம். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கருப்பம்மாள் மதினி வட்டத்தை விட்டு எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். சீல் வைத்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசியதில்லை. என் மொண்டிக் கையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்:

“ஏ சுப்பு, அந்த அறையில இருந்து உசிரோட வந்தவ நீ ஒருத்திதான். எம் மக கடைசியா என்ன சொன்னா? அம்மான்னு கூப்பிட்டாளா?”

கலெக்டர் ஆபீசில்கூட எனக்கு நா தடுமாறவில்லை தம்பி. அங்கே தடுமாறியது. ஆமாம் என்று சொன்னால் போதும், அவள் நெஞ்சு ஆறிவிடும். அந்தப் பொய் என் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. கர்த்தாவே என்று கண்ணை மூடித் திறந்தேன்.

“கூப்பிடல மதினி. அதுக்கு நேரமே இல்ல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஊறுகாயைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தா. காலையில சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் வச்சா. ‘எங்கம்மா போட்ட நார்த்தங்கா, நாளைக்கும் கொண்டாறட்டா?’ன்னு கேட்டா. அதுதான் கடைசி.”

தப்புச் செய்துவிட்டோமோ என்று பயந்தேன். அப்புறம் அவள் உதடு கோணியது, அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

“உப்பு கூடன்னு சொல்லியிருப்பாளே?”

“சொன்னா மதினி.”

“சொல்லுவா. ஒவ்வொரு தடவையும் சொல்லுவா” என்று சொல்லி, கருப்பம்மாள் மதினி என் தோளில் கையைப் போட்டு ஓவென்று அழுதாள்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா சுப்புத்தாய்